சாமிக்கு லீவு கொடுத்த சிவில்

எங்கள் ஜில்லாவில் சாமிக்கே லீவு கொடுத்த ஆசாமி ஒருவர்தான். அவர் சிவில். அவருக்குப் பெரியப்பா வைத்த பெயர் வேறு. முருகனுடைய பெயர்களில் ஒன்று. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் நான் ஆம்பூர் தோல்ஷாப்பு ஒன்றில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியபோது, முதலாளி சாயபு முதல் வாசல் நாய்வரை எல்லோருக்கும் அவர் சிவில்தான்.

சுண்ணாம்புத் தொட்டிக்கு அவர் மேஸ்திரி. ஊறப்போட்ட தோலைப் புரட்டும் ஆட்களை விரட்டுவது வேலை. தோல்ஷாப்பு நாற்றத்தையும் மீறி அவர்மேல் விபூதி மணக்கும். உட்கார்ந்தால் "முருகா", எழுந்தால் "முருகா", கொட்டாவி விட்டால் இரண்டு "முருகா". பக்கத்து அறையில் உட்கார்ந்து கூட்டல் போடுகிறவன் பாடு என்ன ஆகும் என்று அந்த மனிதர் ஒரு நாளாவது யோசித்ததில்லை.

ஒரு நாள் சுண்ணாம்பு தெறித்துக் கால் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவள் அன்னம்மா என்ற நர்ஸ். கிறிஸ்தவப் பெண். கெட்டிக்காரி. புண் சீக்கிரமே ஆறிவிட்டது. நம் ஆள்தான் ஆறவில்லை. நல்ல காலை இழுத்துக்கொண்டு மாசக்கணக்கில் நொண்டினார். அவளும் தெரிந்தே அந்த நல்ல காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் பேச்சு வந்ததும் ரகளை ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுக்கட்டும் என்றார்கள் பெண் வீட்டார். பெண் பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்கு வரட்டும் என்றார் அவரை வளர்த்த பெரியப்பா. மேஸ்திரி நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அவ சாமிய நான் புடுங்கறதா, என் சாமிய அவ புடுங்கறதா? இன்னா நாயம் குமாஸ்தா சார் இது?"

சும்மா இருந்திருக்கலாம். படித்த திமிர் விடுமா? சிவில் மேரேஜ் என்று ஒன்று இருக்கிறது என்றேன். வேலூரில் ரிஜிஸ்திரார் முன்னால் நடக்கும். ஐயர் வேண்டாம், பாதிரியார் வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை. மூன்று சாட்சிகள் காதில் விழும்படி ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாக வாயால் சொன்னால் சர்க்கார் புருஷன் பெண்டாட்டி என்று ஒப்புக்கொள்ளும். ஒரு சங்கடம்: இரண்டு பேருக்கும் எந்த மதமும் கிடையாது என்று கையெழுத்துப் போட வேண்டும். அன்றைய சட்டம் அப்படி.

"மதமே இல்லேன்னா? எத்தினி நாளைக்கி?"

அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஆனால் கல்யாண நோட்டீசை ரிஜிஸ்திரார் ஆபீசில் இரண்டு வாரம் ஒட்டி வைப்பார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"அப்போ ரெண்டு வாரம் சாமிக்கு லீவு. அவ்ளோதானே?"

"அப்படியில்லை, மேஸ்திரி..."

"லீவுன்னா லீவுதான் சார். கையெழுத்துப் போட்டுட்டு ஏமாத்தக் கூடாது."

வேறொருவராக இருந்தால் இங்கே கையெழுத்து, அடுத்த தெருவில் அர்ச்சனை என்று போயிருப்பார். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நோட்டீசு கொடுத்த அன்றே விபூதியை அழித்துவிட்டார். வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு.

எங்கள் ஊருக்குச் சிவில் என்றால் கோர்ட்டு. வரப்புத் தகராறு, பங்காளித் தகராறு, இவற்றுக்குத்தான் சிவில் பக்கம் போவார்கள். "மேஸ்திரி கல்யாணத்துக்கு சிவில் கேஸ் போட்டுட்டான்" என்று செய்தி பரவியது. "தீர்ப்பு வர்றதுக்குள்ள பொண்ணு கெழவியாய்டும்" என்று சிரித்தார்கள். பட்டப்பெயர் அப்போது ஒட்டியதுதான்.

சாயபு என்னைக் கூப்பிட்டார். "இன்னாய்யா இது பேஜாரு? எங்க நிக்காவுலயும் சம்மதம் கேக்கறோம், சாட்சி வெக்கிறோம். ஆனா அல்லா பேரு இல்லாம நடக்குமா?" நான் விளக்கினேன். தாடியைத் தடவியபடி யோசித்தார். "சரி, அவங்க ரெண்டு பேருக்கும் சேத்து நான் துவா கேட்டுக்கறேன். அது சட்டத்துல தப்பில்லியே?"

பெரியப்பாவுக்கு அந்தத் தாராளம் இல்லை. நோட்டீசை யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று எவனோ அவருக்குச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளைக்கு மதம் உண்டு என்று கிளப்பிவிட்டால் கல்யாணம் நின்று, விஷயம் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போய்விடும். ஊர் கேலியாகச் சொன்னது பலித்துவிடும். ஆகவே ஒரே ஒரு "முருகா"வைச் சாட்சியோடு பிடிக்கக் கிளம்பினார் பெரியப்பா.

ஆள்விட்டுப் பெயர் கேட்டார். சொந்தப் பெயரே சாமி பெயர் ஆயிற்றே! "தெரியாது" என்றார் சிவில். தபால்காரரிடமும் அதையே சொல்லி, தனக்கு வந்த கார்டைத் திருப்பி அனுப்பினார்.

ஒரு நாள் ஈரத் தோல் கட்டு ஒன்று சரிந்து அவர் காலில் விழுந்தது. ஷாப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. வாசலில் பெரியப்பா காதைத் தீட்டினார். சிவில் வாயைத் திறந்தார். "மு... மு..." அன்னம்மாவை நினைத்துக்கொண்டார் போலும். "முதலாளீ!" என்று அலறினார். சாயபு தொழுகைத் தொப்பியோடு ஓடி வந்தார்.

இவ்வளவு உஷாரான மனிதர் நோட்டீசு கொடுக்கும்போது பஞ்சாங்கம் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகை சரியாக நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. வருஷா வருஷம் வள்ளிமலைக்குக் காவடி எடுக்கிற ஆள்! பெரியப்பா காவடிக் கூட்டத்தையே பம்பை மேளத்தோடு அவர் வாசலில் நிறுத்திவிட்டார்.

சிவில் தூணைக் கட்டிக்கொண்டார். பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். கால்கள் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. இடுப்புக்கு மேலே சட்டம், இடுப்புக்குக் கீழே காவடி.

"பாருங்கடா, ஆடறான்!" என்று குதித்தார் பெரியப்பா.

"ஆட்டமா? சுண்ணாம்புப் புண்ணு எரியுது, காலை உதர்றாரு!" என்றேன் நான். எப்போதோ ஆறிய புண். நானும்தான் எத்தனை பொய் சொல்வேன்? கூட்டம் போனபிறகு பார்த்தேன். தூணைக் கட்டிக்கொண்டபடியே மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

குறித்த நாளில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வேலூர் போனோம். நானும் ஷாப்பு ஆட்கள் இருவரும் சாட்சி. பெரியப்பாவும் பின்னாலேயே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"பேரச் சொன்னா சாமியக் கூப்ட்ட மாதிரி ஆவாதுங்களே?" என்று ரிஜிஸ்திராரிடம் உறுதி வாங்கிக்கொண்டு சிவில் தம் பங்கை ஒப்பித்தார். இன்னாராகிய நான், அன்னம்மாவாகிய உன்னை, சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன். ஒரு தடங்கல் இல்லை.

அன்னம்மா முறை. "அன்னம்மாவாகிய நான்..." அவ்வளவுதான். நின்றுவிட்டாள்.

"அவர் பேரைச் சொல்லும்மா."

அவள் தலை குனிந்தது. புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. அதற்கு இந்து என்ன, கிறிஸ்தவர் என்ன? கையால் காட்டினாள். எழுதிக் காட்டுகிறேன் என்றாள். "வாயால சொல்லணும். இல்லேன்னா கல்யாணம் இல்லை" என்றார் ரிஜிஸ்திரார். ஜன்னலில் பெரியப்பாவின் பல் முழுதும் தெரிந்தது.

"சொன்னா இவரு ஆயுசு கம்மியாய்டும்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்றாள் அன்னம்மா.

"கம்மியானா ஆவட்டும் அன்னம்மா," என்றார் சிவில். "மிச்சம் இருக்கிறது உங்கூட இருக்கட்டும்."

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். சொன்னாள். முழுப் பெயரையும், ஓர் எழுத்து விழுங்காமல்.

ஜன்னலில் பெரியப்பா துண்டால் மூக்கைத் துடைத்தார். "பேரு நல்லாத்தான் வெச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தார். ஆட்சேபம் அத்தோடு முடிந்தது.

கையெழுத்துப் போடும்வரை சிவில் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். படியிறங்கியதும் "முருகா!" என்று ஒரு சத்தம் போட்டார், ஜட்காக் குதிரை மிரண்டுவிட்டது. பக்கத்தில் அன்னம்மா "ஸ்தோத்திரம்" என்றாள்.

ஆயுசு ஒன்றும் குறையவில்லை. என் கூட்டலை எல்லாம் கெடுத்துக்கொண்டு நெடுங்காலம் இருந்தார். அன்னம்மா அந்தப் பெயரை மறுபடி உச்சரிக்கவே இல்லை.

அவருடைய நிஜப் பெயரைப் போடச் சொல்கிறார் பத்திரிகை ஆசிரியர். மாட்டேன். அவள் அதைச் சொன்னபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவன் நான். அது அவள் சொன்ன பெயர்; அவளிடமே இருக்கட்டும்.