அனுபவசாலியோடு உடும்பு வாங்கப் போனேன்

எங்கள் ஆட்கள் எதையும் தனியாக வாங்கமாட்டார்கள். கார் வாங்குவதென்றால், காரில் நாலு தரம் ஏமாந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வீடு வாங்குவதென்றால், நிலவறைக்குள் தண்ணீர் ஏறிய வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் உடும்பு வாங்கப் போனேன். ஆகவே உடும்பு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் டொரொன்டோவுக்கு வந்து முதல் குளிர்காலம். பனிக்கு ஒதுங்கலாம் என்று நுழைந்த கடை, வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையாக இருந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு விளக்கின் கீழ் ஒரு உடும்புக்குட்டி நீட்டி நிமிர்ந்து கிடந்தது. யாழ்ப்பாணத்தில் வேலியோரம் ஓடி மறையும் வாலைத்தான் கண்டிருக்கிறேன். முகத்தை அன்றுதான் கண்டேன். அது என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. இந்த நகரத்தில் என்னைப் போலவே குளிருக்குப் பயந்த இன்னொரு சீவன் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரே புளுகம். நின்ற இடத்திலேயே ராசன் என்று பெயரும் வைத்துவிட்டேன்.

தாடிக்காரக் கடை முதலாளி ஒரு கேள்விதான் கேட்டார். “முன்பு உடும்பு வளர்த்திருக்கிறாயா?”

இல்லை என்றேன்.

“அப்படியானால் தரமாட்டேன். அனுபவமுள்ள யாரையாவது கூட்டிக்கொண்டு வா.”

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரையில்லை. நகரின் மல்வேர்ன் பகுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்தவர்களிடம், குளியல் தொட்டி இனி ராசனுக்கு என்று அறிவித்தேன். (அவர்கள் சொன்னதை எழுத முடியாது.) அனுபவசாலியும் சுலபமாகவே கிடைத்தார். தொழிற்சாலையில் என் பக்கத்து மெசினில் நின்ற சிவம் அண்ணை, மட்டக்களப்பில் காட்டோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்.

“உடும்போ? என்ர கையால போனது அம்பதுக்குக் குறையாது மனே” என்றார்.

எங்கே போனது என்று நான் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் மூளை வேலைசெய்யவில்லை.

சனிக்கிழமை காலை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ராசனுக்குக் குளிருமே என்று ஒரு கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் பைக்குள் இருந்தன. கடைக்குள் நுழைந்ததும் சிவம் அண்ணையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்து, கடைசியில் ராசனிடமே வந்து நின்றார். என் கண்ணைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

“எதை வைத்துத் தெரிவுசெய்தீர்கள்?” என்று முதலாளி கேட்டார்.

“வால்” என்றார் அண்ணை, தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில். “வாலின் அடி திரண்டிருக்க வேண்டும். ஐம்பது உடும்பு என் கையால் போயிருக்கிறது.”

முதலாளி என்னை விட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். “இதைத் தெரிந்த ஒருவர் இந்தக் கடைக்குள் வந்து எவ்வளவு காலம்!” பிறகு ராசனைத் தூக்கி என் நெஞ்சில் வைத்தார். அது என் கோட்டை நகங்களால் இறுகப் பற்றிக்கொண்டது. உடும்புப்பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? நான் ஆகாயத்தில் நின்றேன்.

“உங்களிடம் இருந்தவற்றில், ஆகக் கூடிய காலம் இருந்தது எவ்வளவு?” முதலாளி பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்.

சிவம் அண்ணை நேர்மையான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். “இரண்டு நாள்.”

“ஐயோ. என்ன நோய்?”

“நோயில்லை. மழை. விறகு நனைந்துவிட்டது.”

தாடிக்குள் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. நான் இடையில் விழுந்தேன், பகிடி விடுகிறார் என்று. தன் சொல்லில் சந்தேகமா என்று அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது.

“கறி” என்று தெளிவாகச் சொன்னார். “மிளகு கூடப் போட வேண்டும்.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நான், கறி என்பது அந்த உடும்பின் பெயர் என்றேன்.

“ஐம்பதுக்கும் அதே பெயரா?” என்று கேட்டுக்கொண்டே முதலாளி என் கோட்டிலிருந்து ராசனின் நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழுத்துப்பட்டி கட்டிய ஆம்பிளை, நடுக்கடையில் நின்று அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

பஸ்ஸில் சுடுதண்ணீர்ப் போத்தலை நானே மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு தரிப்பு தாண்டியதும் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“அவன் ஏன் மனே கோவிச்சவன்? நீ வளக்கப் போறாய் எண்டுதானே அந்தக் குட்டியக் காட்டினன். கறிக்கெண்டால் பக்கத்துப் பெட்டிக்குள்ள கிடந்த பெரியவன எடுத்திருப்பன்.”

அவரைப் பார்த்தேன். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு நிறுத்த முடியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

பனி கரைவதற்குள் அந்தக் கதையை அண்ணை எங்கள் ஆட்கள் இருந்த அடுத்த பகுதியான வோபர்ன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே என் மனைவியாக வரப்போகிறவள் என்னைக் காண முன்பே அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை வாங்கிவந்தாலும், பழைய காரோ புதுச் சட்டையோ, எவ்வளவு காலம் வைச்சிருப்பாய் என்று ஒருவர் கேட்பார். பதில் எப்போதும் ஒன்றுதான்.

போன மாதம் மகள் ஒரு பையனைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாள். தமிழ் தெரியாத, நல்ல வளர்த்தியான வெள்ளைக்காரப் பையன். மனைவி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே முகத்தை மாற்றாமல் கேட்டாள்.

“உவரை எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை வைச்சிருக்கப் போறாய்?”

“விறகு காயும் மட்டும், அம்மா” என்றாள் மகள். பையன் எங்கள் எல்லோரையும் பார்த்து மிக மரியாதையாகச் சிரித்தான்.