பாய்க்குள் செம்மரம்

சந்தேகப்படுவதற்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும். அந்தக் கொஞ்சம்கூட இல்லாமல், ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேலையில் இறங்கியவன் நான்.

புத்தூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை எங்களுடையது. மாமனார் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த வாரம், அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். (மிஷினில் உட்கார்ந்தது என் மனைவி சுகுணா. தைக்கத் தெரிந்தவள் அவள்தான்.)

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். தோள்வரை நரைத்த முடி, நெஞ்சுவரை தாடி. காரிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு பையை இறக்கினார்.

"படகோட பாய்ங்க. பழைய படகு. வெயில்ல நூலெல்லாம் இத்துப்போச்சு. மெட்ராஸ்ல கேட்டா மாசக்கணக்கா ஆகும்ங்கிறாங்க. ஒரு லாரி டிரைவர் உங்க கடையைச் சொன்னார். மலைக்குப் போயிட்டு நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு அமெரிக்காவுல இருந்து வர்றா. அவளைக் கடைசியா ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போயிட்டு, படகை வித்துடப் போறேன்."

"தெச்சிடலாம் சார்," என்றாள் சுகுணா.

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஏரியிலேயே தண்ணீர் எப்போதாவதுதான். கடலோரத்து ஆள் பாயைத் தூக்கிக்கொண்டு, செம்மரம் கடத்துகிற இந்த மலையடிவாரத்துக்கு ஏன் வர வேண்டும்?

அவர் போனதும் பாயைத் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் நீளநீளமான பைகள் தைத்திருந்தன. உள்ளே தட்டையாக, கெட்டியாக ஏதோ இருந்தது.

"சுகுணா, உள்ள கட்டை இருக்குது. செம்மரம்!"

"பாயி வெறப்பா நிக்க வெச்சிருப்பாங்க. செம்மரத்த அப்பளமாட்டம் சீவியா கடத்துவாங்க? போயி டீ குடிச்சிட்டு வாய்யா."

சாயங்காலத்துக்குள் இத்துப்போன தையலையெல்லாம் அவள் தைத்து முடித்தாள். மறுநாள் அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய தம்பி முனிரத்தினத்தை வரவழைத்தேன். அவன் ஹோம்கார்டு. பாயை ரோட்டோரம் எல்லாரும் பார்க்கும்படி விரித்தேன். (பேப்பரில் போட்டோ வந்தால் வெளிச்சம் வேண்டுமே.) பிளேடை எடுத்துக் கீறினேன். பிளேடு பையோடு நிற்கவில்லை. பாயையும் ஒரு கை நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே வளைந்து கிடந்த பட்டை வில்லாகத் துள்ளி, முனிரத்தினத்தின் தொப்பியைத் தட்டி, அதைப் பக்கத்து டீக்கடையின் பால் சட்டியில் போட்டது.

"ஏமைந்திரா? என்னடா ஆச்சு?" என்று டீக்கடைக்காரர் தெலுங்கும் தமிழுமாக அலறினார்.

பட்டை வெள்ளையாக இருந்தது. மரமே இல்லை, பைபர்.

"பெயின்ட் அடிச்சிருப்பானுங்க. சொரண்டிப் பாரு," என்றேன்.

"மாமா, என் தொப்பி வெந்துகினு இருக்குது," என்றான் முனிரத்தினம்.

அந்த நேரத்தில் பளபளக்கும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர், கையில் லட்டுப் பையோடு வந்து, "பாய் ரெடியா?" என்றார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"நேத்து வந்த ஆளு எங்க? ஆள மாத்தி அனுப்பிட்டானுங்களா? முனி, புடிடா!"

"நான்தாங்க அது," என்று தலையைத் தடவினார். "மலையில மொட்டை போட்டுக்கிட்டேன்."

பிறகுதான் அவர் கிழிசலைப் பார்த்தார். திட்டவில்லை. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஞாயித்துக்கிழமை..." என்று மட்டும் சொன்னார். ரோடு பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

சுகுணா திரும்பி வந்தாள். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "சார், நீங்க ஒக்காருங்க," என்றவள், கடையில் இருந்த நீலத் தார்ப்பாயை வெட்டி, கிழிசலின் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தாள். பாயைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. பெரியவர் லட்டைப் பிட்டு எனக்கும் கொடுத்தார்.

ஞாயிறன்று அவரிடமிருந்து வீடியோ வந்தது. காற்றில் புடைத்த வெள்ளைப் பாய், அதில் பெரிய நீல ஒட்டு, கீழே வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண். 'படகை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்' என்று எழுதியிருந்தார்.

இப்போது அவருடைய நண்பர்களும் பாய் கொண்டுவருகிறார்கள். அவர்கள் வந்தால் நான் டீக்கடைக்குப் போய்விட வேண்டும் என்பது மாமனார் உத்தரவு. வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் வைத்தால் முதல் துண்டு என் தட்டில்தான் விழும்.

"நல்லா பிரிச்சிப் பாத்துட்டு துன்னுய்யா," என்பாள் சுகுணா. "உள்ள இன்னா வெச்சிருக்காங்களோ!"