ஒற்றை ஓட்டின் உரிமையாளர்கள்

ஜனநாயகம் எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எங்கே பிறந்திருந்தாலும் சரி, அது குளித்து, தலை வாரி, பவுடர் பூசி நாகரிகமாக வளர்ந்தது இந்த ஊரில்தான். மொத்தம் நூற்றெண்பத்தாறு வாக்காளர்கள். யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விடுவார் என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். யார் ஓட்டு யாருக்கு என்பது மட்டும் பரம ரகசியம். அப்பேர்ப்பட்ட கட்டுப்பாடு!

தலைவர் பதவிக்கு நின்றது இரண்டே பேர். ஒருவர் மாவு மில்காரர். மூன்று முறை ஜெயித்தும் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போடாமல், வெயிலும் மழையும் மக்களுக்குத் தாராளமாகக் கிடைக்கச் செய்தவர். இன்னொருவர் நம் தையல்காரர். கூரை போட்டே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். மார்பளவு எடுக்கக் கையைத் தூக்கி நின்றவர்கள் எல்லாரும், தூக்கியது தூக்கியபடியே சத்தியமும் செய்தார்கள்.

"உங்களுக்குப் போடாம வேற யாருக்குண்ணே போடப் போறோம்?"

மனுஷன் உருகிப்போனார். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அநாகரிகம் என்று, தன் ஓட்டை மில்காரருக்கே குத்திவிட்டு வந்தார். எவ்வளவு பெரிய மனசு!

முடிவு 'அமோகமாக' வந்தது. மில்காரருக்கு நூற்றெண்பத்தைந்து. தையல்காரருக்கு ஒன்று.

அன்று மாலையே தையல்காரர் வாசலில் 'ஆறுதல் மாநாடு' கூடியது.

"சித்தப்பா, அந்த ஒரு ஓட்டு என்னுது," என்றார் தபால்காரர்.

"என்னய்யா உளர்றே? அது நான் போட்டது!" என்று பால்காரர் சண்டைக்கு நின்றார்.

மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து, அந்த ஒன்றுதான் தங்கள் வீட்டு ஐந்து ஓட்டும் என்று சாதித்தார்.

தையல்காரர் யாரையும் மறுக்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே, அது மனைவி போட்ட ஓட்டு. ஓரமாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். ஊரே கைவிட்டாலும் இவள் விடவில்லை. தோற்றதுகூட நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

கடைசியாக, வெற்றிச் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மில்காரரே வந்து சேர்ந்தார்.

"மனசு விட்டுடாதீங்க தம்பி. ஊரு மொத்தமும் எனக்குத்தான்னு சத்தியம் பண்ணிட்டாங்க. அத்தனை ஓட்டும் ஒருத்தனுக்கே விழுந்தா ஏதோ தில்லுமுல்லுன்னு மேல இருக்கற அதிகாரிங்க சந்தேகப்படுவாங்க இல்லையா? அதான் என் ஓட்டை உங்களுக்குப் போட்டேன்."

ஓட்டின் உரிமையாளர்கள் அத்தனை பேரும் அவசரமாகச் செருப்பைத் தேடினார்கள். தையல்காரர் எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது.

"ஊரு பொய் சொல்லுச்சு, சரி. நீயுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்களுக்குப் போட்டேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அது கிடக்கட்டும். விழுந்த ஒன்னும் இவரோடதுன்னா, உங்க ஓட்டு எங்க போச்சு?"

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"உங்களைப் பத்தி முழுசாத் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். எனக்கும் உங்களுக்கும். நாம ரெண்டு பேருமே வேணாம்னுட்டோம். பாவம், இவங்களைப் போய் ஏன் முறைக்கறீங்க?"