பூச்சியைக் காட்டு

"பூச்சியை எடுக்காம மேல பெயிண்ட் அடிச்சா, அது உள்ளயே குட்டி போடும்" என்றாள் கண்ணகி.

அவ்வளவுதான். புங்கமேடு அங்கன்வாடி வாசலில் நின்ற வரிசை கலைய ஆரம்பித்தது.

ஜெயமணி டீச்சர் கையை விரித்து வரிசையை மறித்தாள். பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கும் இந்த வண்டியை வரவழைக்க அவள் ஒரு வருடமாக உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடையாய் நடந்திருக்கிறாள். புங்கமேடு ஒன்றும் பெரிய ஊர் இல்லை. சாலவாக்கம் ரோட்டை விட்டு ஏரிக்கரை மேல் உள்ளே போனால், பாதை முடிகிற இடத்தில் கொஞ்சம் வீடுகள். எல்லாரும் நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள். ராத்திரி சர்க்கரைப் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகிய பிள்ளைகள். பாதிப் பேருக்கு முன்பல் எரிந்து முடிந்த தீக்குச்சி மாதிரி இருக்கும். கண்ணகியின் மகள் ஸ்வேதாவுக்கு நாலு வயது. அவளுக்குச் சோறு ஊட்டுவதற்குள் ஜெயமணிக்கே அழுகை வரும்.

பிள்ளைகள் குறைந்தால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த வருடம் திரும்பி வராது. அதைக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

வண்டியோடு வந்த டாக்டர் சஞ்சய் பட்டம் வாங்கிய சூடு ஆறாதவன். பொறுமையாக விளக்கினான்.

"அம்மா, பல்லுல பூச்சியே கிடையாது. இனிப்பு பல்லுல ஒட்டிக்கிட்டே இருந்தா, கிருமி அதைத் தின்னு புளிப்பு விடும். அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்குது. இந்த மருந்தைத் தடவினா பல்லு கெட்டியாகும். அதுக்கு மேல தினம் ராத்திரி நீங்க பல்லு விளக்கி விட்டா, இருக்கற பல்லைக் காப்பாத்திடலாம்."

"அந்தக் கிருமியைக் காட்டு சார்."

"கண்ணுக்குத் தெரியாதும்மா."

"சந்தையில ஒரு பொம்பள கண்டங்கத்திரி வெதையில பொகை போட்டு எடுக்குது. தட்டுத் தண்ணியில தொப்புனு வுழுது. கண்ணால பாத்துக்கலாம். நீ படிச்ச டாக்டரு, தெரியாதுன்ற."

பக்கத்தில் நின்ற சித்ரா தன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பூச்சியைக் காட்டுங்கோ. அப்பால பெயிண்ட் அடிங்கோ. இல்லாங்காட்டி நாங்க வேலைக்குப் போறோம்."

"பத்து நிமிஷம் இருங்கம்மே" என்று சொல்லிவிட்டு ஜெயமணி சமையலறைக்குள் ஓடினாள். ஓடி என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளே சமையல் உதவியாளர் சிட்டம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், இன்னிக்கும் நெளிஞ்சிக்கினுதான் கீது. இன்னா பண்றது?"

அரிசி டிரம்மில் பூச்சி இருப்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஜெயமணி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். மாற்று அரிசி கேட்டால், நீ ஏன் ஒழுங்காக வைக்கவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும்; அரிசி கடைசியில் வரும். போன மாதம் மேற்பார்வையாளர் தேவயானி மேடம் வந்தபோது அம்மாக்கள் கூடிப் புகார் சொன்னார்கள். "எங்க, ஒண்ணை எடுங்க பாப்போம்" என்றார் மேடம். முந்தின நாளே சலித்து, வெயிலில் கொட்டிக் காயவைத்து, வேப்பிலை போட்டு மூடியிருந்தாள் ஜெயமணி. யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. சுத்தமான சென்டர் என்று பாராட்டிவிட்டுப் போனார் மேடம்.

இப்போது முறத்தின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒன்று நெளிந்தது. ஜெயமணி அதையே பார்த்தாள்.

"தூக்கிப் போடாத சிட்டம்மா. கிண்ணத்துல எடுத்து வை."

"எதுக்கு?"

"பல்லுக்கு."

ஏற்பாடு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நாற்காலியில் உட்காருமுன் பிள்ளை வாய் கொப்பளிக்க வேண்டும். கொப்பளித்துத் துப்ப வெள்ளைப் பேசின். பேசின் இருப்பது சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. ஜன்னலுக்கு உள்ளே கிண்ணமும் ஸ்பூனுமாகச் சிட்டம்மாள். பிள்ளை துப்பும்போது ஜெயமணி முதுகால் மறைத்துக்கொண்டு அதன் வாயைத் துடைப்பாள். மேலிருந்து பூச்சி விழும்.

"கொப்பளிச்சுட்டு வந்தா நல்லதுதான் டீச்சர்" என்று டாக்டர் சந்தோஷப்பட்டான். அவன் நாற்காலி வண்டிக்குள் இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் வெளியே நடப்பது எதுவும் அவன் காதில் விழாது.

முதலில் ஸ்வேதா. கொப்பளித்தாள், துப்பினாள். ஜெயமணி நகர்ந்தாள். தண்ணீரில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது.

கண்ணகி குனிந்து நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "பூச்சிதான். எல்லாரும் நல்லா பாத்துக்கோங்கோ."

கூட்டம் பேசினைச் சூழ்ந்தது. ஸ்வேதா மட்டும் அதைப் பார்த்ததும் வீறிட்டு, நாற்காலிக்கு வர மாட்டேன் என்று வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டாள். சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஜெயமணி தண்ணீரைக் கொட்டப் போனாள்.

"கொட்டாதீங்கோ டீச்சர். பத்திரமா வெச்சிருப்போம்" என்று கண்ணகி ஒரு டம்ளரை நீட்டினாள்.

அதற்குப் பிறகு வரிசையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. வீட்டில் தூங்கிய பிள்ளைகளையெல்லாம் உலுக்கி எழுப்பித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சூளைக்குப் போனவர்களுக்குப் போன் பறந்தது. வண்டிக்குள்ளிருந்து பிள்ளைகள் பல்லில் மஞ்சள் பூச்சோடு ஈ என்று இளித்துக்கொண்டு இறங்கின. ஜெயமணிக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழாவுக்குக்கூட இந்த ஊர் இப்படிக் கூடியதில்லை.

சித்ரா மகனின் முறை வந்தது. சிட்டம்மாள் அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டாள்.

"டீச்சர், இது இன்னா காலு வெச்சினு நடக்குது?"

ஜெயமணி எட்டிப் பார்த்தாள். கறுப்பு வண்டு. "பழைய சொத்தைம்மா. உள்ளயே வளந்துடுச்சு."

"றெக்கையும் கீதே."

"ரொம்பப் பழைய சொத்தை."

அடுத்த குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைத்திருந்தது. அரிசிமணி மாதிரிப் பளிச்சென்று கீழே இரண்டு. "இதுக்குப் பூச்சி இல்லம்மா, மருந்து மட்டும் போதும்" என்றாள் ஜெயமணி, இதையாவது உண்மையாகச் சொல்லலாம் என்று.

தாய்க்காரிக்கு முகம் சிவந்தது. "சித்ரா புள்ளைக்கு றெக்கை வெச்சது வருது. எம்புள்ளைக்கு ஒண்ணியும் கிடையாதா? நாங்கன்னா அவ்ளோ எளப்பமா?"

ஜன்னலிலிருந்து பெரியதாக ஒன்று விழுந்தது. தாய்க்காரி குளிர்ந்தாள்.

அப்புறம் டிராக்டர் ஓட்டும் துரைராஜ் வந்து பேசின் முன்னால் குந்தினான்.

"அண்ணா, இது கொழந்தைங்க கேம்ப்பு."

"பூச்சிக்கு வயசு தெரியுமா டீச்சர்? ராவெல்லாம் கடவாப் பல்லு ஒரே பேஜார். எனக்கும் எடு."

யார் சொன்னாலும் அவன் எழுந்திருக்கவில்லை. கொப்பளித்துத் துப்பினான். இவ்வளவு பெரிய வாய்க்கு ஒன்று போதாது என்று நினைத்தாளோ என்னவோ, சிட்டம்மாள் ஸ்பூனை அப்படியே கவிழ்த்துவிட்டாள். வண்டு, புழு, கூடவே நாலைந்து அரிசி.

துரைராஜ் உற்றுப் பார்த்தான். "அரிசி எப்படி வந்துச்சு? நான் நாஷ்டாவுக்கு தோசைதான துண்ணேன்."

"நேத்து சோறா இருக்கும்."

"வேகவே இல்லியே."

"அத்த உங்க வூட்டுல கேளுங்க."

துரைராஜ் வீட்டைப் பார்த்துக் கோபமாக நடந்தான்.

ஜெயமணி மூச்சு விட்டாள். இன்னும் கொஞ்சம் பிள்ளைகள்தான். அப்புறம் ஸ்வேதா. முடிந்தது. அப்போதுதான் ஏரிக்கரை மேல் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி இறங்கியவர் தேவயானி மேடம்.

"என்ன ஜெயமணி, இங்க அதிசயம் நடக்குதாமே? யாரோ ஒரு அம்மா போன் பண்ணி, உடனே வாங்கன்னு ஒரே அவசரப்படுத்திச்சு."

ஜெயமணி வாயைத் திறக்குமுன் கண்ணகி டம்ளரோடு முன்னால் வந்துவிட்டாள். "நல்லா பாருங்கோ மேடம். வெளிச்சத்துல வெச்சுப் பாருங்கோ."

கூட்டம் என்னவென்று டாக்டரும் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். டம்ளரைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதெல்லாம் வாயிலேர்ந்தா வந்துச்சு?"

"ஆமா சார்" என்றது ஊர், ஒரே குரலில்.

"எல்லாருக்குமா?"

"கைக்கொழந்தைக்குக்கூட வந்துச்சு சார்."

டாக்டர் கையுறையைக் கழற்றினான். "மேடம், இது நான் படிச்சதே இல்ல. மருந்தை உடனே நிறுத்தணும். என்ன ஏதுன்னு தெரியாம இனி ஒரு பிள்ளைக்கும் தடவக் கூடாது. எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணணும். நாங்க கிளம்பறோம்."

டிரைவர் ஜெனரேட்டரை அணைத்தான். திடீரென்று ஏரியில் கொக்கு கத்துவதுகூடக் கேட்டது.

ஜெயமணி வேப்பமரத்தைப் பார்த்தாள். ஸ்வேதா இன்னும் அதைக் கட்டிக்கொண்டு நின்றாள், கன்னத்தைக் கையால் தாங்கியபடி. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இத்தனை வருடம் காப்பாற்றிய நல்ல பெயர் போகும். சொல்லாவிட்டால் வண்டி போகும். நல்ல பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டுவது?

"மருந்தைத் தடவுங்க சார்" என்றாள். "அது பல்லுப் பூச்சி இல்ல. அரிசிப் பூச்சி. எங்க டிரம்முலேர்ந்து எடுத்தது. நான்தான் போடச் சொன்னேன்."

ஜன்னலுக்குள் ஸ்பூன் கீழே விழும் சத்தம் கேட்டது.

தேவயானி மேடம் சமையலறைக்குள் போனார். டிரம் மூடி திறந்தது. வெளியே வரும்போது போன் காதில் இருந்தது.

"புங்கமேட்டுக்குப் புது மூட்டை அனுப்புங்க. ஆமா, இன்னிக்கே. பழசு மொத்தமும் திரும்பி வருது." போனை வைத்துவிட்டு ஜெயமணியைப் பார்த்தார். "உனக்கு மெமோ வரும்."

"வரட்டும் மேடம்."

டாக்டர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஸ்வேதாவை வேப்பமரத்தடியிலேயே மடியில் உட்கார வைத்து மருந்தைத் தடவினான். ஜெனரேட்டர் மறுபடி உறுமியது. மீதிப் பிள்ளைகளும் வரிசைக்கு வந்தன. ஒரு தாய்கூடப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒருத்திகூடச் சண்டைக்கு வரவில்லை. அதுதான் ஜெயமணிக்கு விளங்கவில்லை.

கண்ணகியிடம் போனாள். "தப்பா எடுத்துக்காத கண்ணகி. உங்களை ஏமாத்திட்டேன். பல்லுல பூச்சியெல்லாம் கிடையாது."

கண்ணகி டம்ளரை வேப்பமரத்தடியில் கவிழ்த்துத் தட்டினாள்.

"அது எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? போன மாசம் மேடம் கேட்டப்போ எங்களால அரிசியில ஒரு பூச்சியைக்கூட எடுத்துக் காட்ட முடியல. அதான் இந்த வாட்டி உங்க கையாலயே எடுக்க வெச்சோம்."