கனமில்லாத டிபன் பாக்ஸ்

அன்புள்ள மாப்பிள்ளை பிரதாப்புக்கு, ஊரிகத்திலிருந்து மாமனார் வால்டர் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் வீட்டுச் சுகத்தை இத்தனை நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியதால் அதை விசாரிக்கவில்லை. போனில் பேசினால் ஜாய் காதில் விழும். மெசேஜ் போட்டாலும் உங்கள் போனை முதலில் எடுப்பது அவள்தான். அதனால் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று அங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அம்மா போனதிலிருந்து ஜாய் சாப்பிடுவதே இல்லை, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது, நீங்கள் வந்து சொன்னால் கேட்பாள் என்று போனில் அழுதீர்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பி வந்தேன். வந்த காரியம் அடியோடு கெட்டது என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

முதல் தப்பு குடல் குழம்பு. சின்ன வயதில் அவளுக்கு அது என்றால் உயிர். வாசனை மூக்கில் ஏறினால் பசி தானாக வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, நீங்கள் ஆபீஸ் போனபின் குடல் வாங்கிவந்து, உங்கள் பளபளக்கும் சிங்கில் போட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் தேய்த்துக் கழுவினேன். வாசனை ஏறத்தான் ஏறியது, ஆனால் லிப்ட் வழியாக மேல்மாடிக்கு. அசோசியேஷன் செக்ரட்டரி கன்னடத்தில் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். நானும் கன்னடத்திலேயே உபசாரம் செய்து உட்காரவைத்தேன். மனுஷன் வந்த கோபத்தை மறந்து ரெண்டு தட்டு சாப்பிட்டு, சட்டியில் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். யாருக்காகச் செய்தேனோ அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்தது மருந்துக்கடையில் கொடுத்த பசி டானிக். நீங்க முதல்ல குடிங்க டாடி என்றாள். வேளாவேளைக்கு நான் குடித்துக் காட்டியதிலேயே பாட்டில் தீர்ந்துவிட்டது, பசியும் எனக்கே எடுத்தது. டப்பாவிலிருந்த முறுக்கு எங்கே போனது என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நீங்கள் விசாரித்ததாகக் கேள்வி. அந்த அம்மாள் மேல் பழி வேண்டாம்.

மனசுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மாவிடம் நீங்கள்தான் எங்களைக் கூட்டிப்போனீர்கள், ஆனால் காரை நிறுத்த இடம் தேடி நீங்கள் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று அவர் கேட்டார். ஜாய் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"பசிக்குது மேடம். பசிக்கலன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்றேன். கடைசில எங்க அம்மாவுக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி கூட எறங்கல. நான் மட்டும் எப்படி முழுங்கறது?"

மாப்பிள்ளை, அந்த ஸ்பூனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பியாட்ரிஸ் வாயோரம் வழிந்ததைத் துடைப்பதிலேயே குறியாக இருந்தேன். பின்னால் நின்ற என் மகள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று திரும்பியே பார்க்கவில்லை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கவுன்சிலர் அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பி, உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார். மிச்ச நேரம் முழுக்க நான்தான் பேசினேன். தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாப்டில் ஷிப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வரும்போது எங்களில் எந்த அப்பனும் டிபன் பாக்ஸைக் காலியாகக் கொண்டுவர மாட்டான். ஓரமாக ஒரு வாய் சோறு வைத்துத்தான் மூடுவான். அது வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு. பூமிக்கு அடியில் போய்வந்த சோறு என்பதால் அதற்குத் தனி ருசி என்று பிள்ளைகளுக்கு நினைப்பு. அந்த ஒரு வாயைப் பார்த்த பிறகுதான் பியாட்ரிஸ் தட்டு போடுவாள். பட்டினி கிடந்தவன் மிச்சம் வைக்க மாட்டான், மிச்சம் இருந்தால் மனுஷன் வயிறாரச் சாப்பிட்டான் என்று அர்த்தம், இது அவள் சட்டம். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நேரம் முடிந்துவிட்டது. துக்கத்தில் பசி செத்துப்போகாது, வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும், அவளை வற்புறுத்தாதீர்கள் என்று அந்த அம்மா வழியனுப்பினார்.

இப்போது என் மனசு நொந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நான் புறப்படும்போது நீங்கள் புளிசாதம் கிளறி, என் பழைய டிபன் பாக்ஸில் அமுக்கி அமுக்கி நிரப்பினீர்கள். என் கண்ணால் பார்த்தேன். மூடித் தருகிறேன் என்று ஜாய் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போனாள். வெகுநேரம் கழித்துத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போதே பாக்ஸ் லேசாக இருந்தது. உள்ளதைக் குப்பையில் கொட்டிவிட்டாள் என்று புரிந்துவிட்டது. தான் சாப்பிடாதது போதாது, அப்பனும் பட்டினியாகப் போகட்டும் என்று என் மகள் நினைக்கிற அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன்? பங்காருபேட்டையில் வண்டி மாறும்போதும் திறக்கவில்லை, வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. என்னால் ஆகாது மாப்பிள்ளை. இனி என்னைக் கூப்பிடாதீர்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் இருவரையும் அவர் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும். செக்ரட்டரிக்கு என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
வால்டர்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு சரோஜம்மா வந்து, காலி என்று நான் ஒதுக்கி வைத்த டிபன் பாக்ஸைப் பார்த்து, "இன்னாண்ணே, காலி பாக்ஸுக்கா இத்தினி எறும்பு?" என்று கேட்டதால் திறந்தேன். நீங்கள் புளிசாதத்தில் வெல்லம் போடுகிறவர் என்பதை மறந்துவிட்டேன். பாக்ஸ் காலி இல்லை மாப்பிள்ளை. ஓரமாக ஒரு வாய் சோறு, விரலால் அழுத்தி ஒதுக்கி வைத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள். கறிவேப்பிலையை மென்று சக்கையை மூடியில் ஒட்டிவைத்திருக்கிறாள். அது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உள்ள கெட்ட பழக்கம், குப்பையில் கொட்டினவள் மென்று வைக்க மாட்டாள். மேலே எழுதிய புகாரையெல்லாம் அடித்துவிடுங்கள். எறும்பைத் தட்டிவிட்டு அந்த ஒரு வாயைச் சாப்பிட்டேன், அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே சமைத்து, பாதி வழியில் சாப்பிட்டு, ஒரு வாய் மிச்சத்தோடு வருகிறேன். கதவை அவள் திறக்கட்டும். பாக்ஸை நீங்கள் குறுக்கே வந்து வாங்கிவிடாதீர்கள்.