கிரில் கதவின் இரண்டாவது சாவி தொடர்பாக

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கு வீடு நலம். அங்கு உங்கள் வீட்டார் அனைவரின் நலத்தையும், குறிப்பாக உங்கள் அக்காவின் இடுப்பெலும்பின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் குளிக்கப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு மனிதர் ஒரே நாளில் ஆறு தடவை குளிப்பது உடம்புக்கு நல்லதல்ல. அதனால்தான் கடிதம்.

விஷயம் சிறியது. எங்கள் வீட்டுக் கிரில் கதவின் இரண்டாவது சாவி உங்கள் அக்காவிடம் இருக்கிறது. அதை அவள் நேரில் வந்து ஒப்படைக்க வேண்டும். கூரியரில் அனுப்ப விதியில் இடமில்லை. நடந்ததை அவள் தன் போக்கில் உங்களிடம் சொல்லியிருப்பாள். என் தரப்பையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டில் திருடு போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பட்டப்பகலில் வந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரிமோட்டை மறந்துவிட்டார்களாம். மறுநாள் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படிப்பட்ட பொறுப்பான திருடர்கள் இருக்கும் தெருவில் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தேன், முதலில் கிழிந்தது என் உள்ளங்கைதான். பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தேன். கூடத்தில் கேமரா மாட்டினேன். அது என்னை ஏற்றுக்கொண்டது, உங்கள் அக்காவை ஏற்கவில்லை. அவள் சமையலறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ‘வீட்டில் முன்பின் தெரியாத நபர்’ என்று என் போன் அலறும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “முப்பத்தாறு வருஷமா நீங்களும் அப்படித்தானே பாக்கறீங்க, அதுமேல கோபப்பட்டு என்ன பண்றது?” என்றாள். நான் கேமராவின் கோணத்தை மாற்றினேன்.

இதெல்லாம் போதாது என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் உத்தியோகம். முப்பத்தோரு வருடம் வங்கியின் பெட்டக அறைக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலாளரிடம், ஒரு சாவி என்னிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். திறந்தாலும் மூடினாலும் ரிஜிஸ்டரில் நேரம் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். மாற்றுச் சாவிகள் அரக்கு முத்திரையோடு வேறு ஊர்க் கிளையில் இருக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். வெல்டரை வரவழைத்து வாசலில் கிரில் கதவு, அதில் இரண்டு பூட்டு, என்னிடம் ஒரு சாவி, உங்கள் அக்காவிடம் ஒரு சாவி, ஆணியில் ரிஜிஸ்டர். வேறு கிளைக்கு எங்கே போவது? அதனால்தான் மாற்றுச் சாவிகளை அரக்கு வைத்து, எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் உங்களுக்கு அனுப்பினேன்.

நான் வெளியே போனால் உங்கள் அக்கா தனியாக வெளியே வர முடியாது, நானும் அவளில்லாமல் உள்ளே போக முடியாது. பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, “ஏன் சார், உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?” என்று கேட்டார். வாய் வைத்தார் பாருங்கள்! “முப்பத்தோரு வருஷத்துல எங்க பெட்டகத்துக்குள்ள யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல” என்றேன். பெட்டகத்துக்குள் யாரும் குடியிருந்ததில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் கேமராவுக்கு ஒயர் வாங்கப் போயிருந்தபோது, அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். நான் பஸ்ஸில் இருந்தேன். போனில் செய்தி வந்தது: ‘வீட்டில் நடமாட்டம் இல்லை. பாதுகாப்பாக உள்ளது.’ எனக்கு அவ்வளவு நிம்மதி. பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். அவள் கூப்பிட்ட சத்தம் கேட்டுக் கடைக்காரரின் மனைவி போன் செய்த பிறகுதான் தெரிந்தது. இறங்கி ஆட்டோ பிடித்து ஓடினேன். என் பூட்டு திறந்தது. அவள் பூட்டு திறக்கவில்லை, எப்படித் திறக்கும்? குளியலறை ஜன்னலுக்குக் கீழே நின்று, “சாவி எங்க வெச்சிருக்க?” என்று கத்தினேன். உள்ளேயிருந்து குரல் மெதுவாக வந்தது. “எங்க வெக்கச் சொன்னீங்களோ அங்கதான். கழுத்துல. வந்து எடுத்துக்கோங்க.”

உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீங்கள், “அத்தான், நான் இப்ப பஸ் ஏறட்டுமா, இல்ல இங்கயே உக்காந்து அழட்டுமா?” என்று கேட்டீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. அப்புறம் தீயணைப்பு வண்டி வந்தது. வெட்டும் இயந்திரத்தின் தகடு இரண்டு தடவை உடைந்தது. அவர்களின் அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “யார் சார் வெல்டு பண்ணது? பிரமாதமான வேலை” என்றார். ஜன்னல் வழியாக அவள் முனகுவது விட்டு விட்டுக் கேட்டது. நின்றபோதெல்லாம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் இரண்டு மணி நேரம் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அது மிகை. ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்துக் கிடந்தது. வாசலைத் தாண்டும்போது நான் ரிஜிஸ்டரை நீட்டிவிட்டேன், மாப்பிள்ளை. எப்படி என்று கேட்காதீர்கள். கதவு திறந்தால் கை தானாக அதை எடுத்துவிடும், முப்பத்தோரு வருடத்துப் பழக்கம். ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் உங்கள் காரில் ஏறிப் போய்விட்டாள்.

போனது போகட்டும். வெல்டரை வைத்துக் கிரில் கதவை மறுபடி மாட்டிவிட்டேன், முன்னைவிட உறுதியாக. வீடு கோட்டை மாதிரி இருக்கிறது. அவள் சாவி ஒன்றுதான் குறை. எனவே தாங்கள் இதைத் தனிக் கவனத்தில் கொண்டு ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் உறுதியான எலும்புகளோடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் திரும்ப எடுத்து எழுதுகிறேன். கிரில் கதவை மாட்டியதாகச் சொன்னது பொய். வெட்டிய துண்டுகளைப் பழைய இரும்புக்காரர் அன்றைக்கே கொண்டுபோய்விட்டார். மரக்கதவும் அன்று உடைத்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்து சாத்த முடியாமல் நிற்கிறது. உங்கள் கார் கிளம்பியதிலிருந்து பதினேழு நாளாக வீடு ஆவென்று திறந்து கிடக்கிறது. ஒரு திருடனும் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று ஒருவர் நேராக உள்ளே வந்தார். முகவரி தவறி வந்த கூரியர்காரர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். போக வேண்டும் என்று அவர் மூன்று தடவை சொன்னார். எனக்குச் சாவி வேண்டாம், மாப்பிள்ளை. அவளையும் இங்கே வரச் சொல்ல வேண்டாம், அந்த இடுப்போடு இன்னொரு எட்டு மணி நேரம் அவளால் உட்கார முடியாது. நான் அங்கே வந்து இருக்கலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். சரி என்றால் உடனே கிளம்புவேன். பூட்டிக்கொண்டு வர வேண்டிய வேலைகூட இல்லை.