தொழில்: வாய்

“உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரும்மா?” என்று கேட்டார் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உலக விஞ்ஞானமே திணறும் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

“ஒருத்தர்,” என்றார் அப்பா, நாற்காலியிலிருந்து.

அப்பா ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். குடும்பத்தை அறிவியல்படி நடத்தும் மகான். கடலில் சைபனோபோர் என்று ஒன்று உண்டு. பார்வைக்கு ஒரே பிராணி. உண்மையில் பல உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். ஒன்று மிதக்கும், சில கொட்டும், சில நீந்தி எல்லாரையும் இழுத்துப் போகும், சில எல்லாருக்காகவும் தின்னும். நாங்களும் அப்படித்தான் என்று போன வருடக் குடும்பக் கூட்டத்தில் ‘ஏகமனதாக’ முடிவானது. அந்த ஒரு மனம் அப்பாவுடையது.

“சரி சார், உங்க தொழில்?”

“வாய்.”

பேனா நின்றது.

“நான் சாப்பிட்டா எல்லாரும் சாப்பிட்ட மாதிரி. பொறுப்பான வேலை, எழுதிக்குங்க.”

“சோபால படுத்திருக்கிறவர்?”

“என் தம்பி. மிதவை. எதுவும் செய்யாம மேலயே இருப்பான்.”

சித்தப்பா அடக்கத்தோடு தலையாட்டினார்.

“அந்தம்மா?”

“என்னை எதுக்குய்யா கை காட்டறே?” என்று அம்மா சீறினாள்.

‘கொடுக்கு’ என்று கணக்கெடுப்பவரே எழுதிக்கொண்டார். கற்பூர புத்தி.

“கதவுக்குப் பின்னாடி இருக்கற பொண்ணு படிக்குதா?”

“அது உதிரிபாகம். நீந்த ஆள் பத்தலன்னா வேணுமேன்னு பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டோம்.”

எங்கள் வீட்டில் நீந்துவது என்றால் சமையல், துணி, பாத்திரம். இதுவரை நீந்தியவள் அத்தை, அப்பாவின் தங்கை. நர்ஸுக்குப் படித்தவள். அவளுடைய வேலை உத்தரவு ஒரு மாதமாக அப்பாவின் தலையணைக்கடியில் ‘பரிசீலனையில்’ இருந்தது. அன்று காலை படுக்கையை உதறும்போது எடுத்துவிட்டாள்.

இப்போது அதோடும் ஒரு பையோடும் கூடத்துக்கு வந்தாள். “நர்ஸுன்னு எழுதுங்க. சேர்றதுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள், அண்ணா.”

“கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சா செத்துடும்!” என்று அப்பா எழுந்தார். “ஆராய்ச்சியில சொல்லியிருக்கான்!”

“எது சார் சாகும்?” கணக்கெடுப்பவர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார். “போறதா, மிச்சம் இருக்கறதா?”

அப்பா ஆழ்ந்து யோசித்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

“அப்ப மத்தியானச் சாப்பாடு?”

மிதவை எழுந்து உட்கார்ந்தது. எல்லாரும் மெல்ல நான் ஒளிந்திருந்த கதவின் பக்கம் திரும்பினார்கள்.

அத்தை பையைத் தூக்கிக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். விஞ்ஞான ஆர்வத்தோடு தெருமுனை வரை கவனித்தேன். உயிரோடுதான் நடந்தாள்.